மேனிபோல்ட் கேஸ்கெட்: மாற்றுவதற்கு முன் எது கெடுத்தது என்று பாருங்கள்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இன்னும் ஓடும் ஈஸ்வரா, வீரா, கஞ்சில் காடிகளில் மேனிபோல்ட் கேஸ்கெட் போவது புதிதல்ல. (எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் ஆகிய குழாய்த் தொகுதிகள்தான் மேனிபோல்ட்; அவை எஞ்சினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைப்பது கேஸ்கெட்.) புதுசு போட்ட சில மாதத்தில் அதே 'டிக் டிக்' திரும்பி வருவதும் புதிதல்ல. கேஸ்கெட் தானாகச் சாவது குறைவு. செம்மண் சாலையில் எக்ஸாஸ்ட் பைப் கல்லில் இடித்து அதைத் தாங்கும் பிராக்கெட் உடைந்திருக்கும்; அல்லது எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்து, எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் சாய்ந்து எழும். இரண்டிலும் பைப்பின் பாரம் முழுக்க மேனிபோல்ட்டில் தொங்கும். முதல் சிலிண்டர் பக்கமும் கடைசி சிலிண்டர் பக்கமும் உள்ள ஸ்டட்கள்தான் (மேனிபோல்ட்டை எஞ்சினோடு பிடிக்கும் மரைக்கம்பிகள்) முதலில் முறியும், ஏனென்றால் சூட்டில் மேனிபோல்ட் நீளவாக்கில் விரியும்போது அதிகம் நகர்வது அந்த ஓரங்கள்தான்.

இரண்டு பக்கமும் ஒரே வியாதி இல்லை. இன்டேக் கேஸ்கெட் கசிந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடிலிங் ஏறி இறங்கும், 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உதறல் அதிகம். காற்றோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ள காடியில் பி0171 கோடு (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று காடியின் கம்ப்யூட்டர் காட்டும் பிழை எண்) விழும். மேனிபோல்ட் அழுத்தத்தை அளக்கும் காடியில் கோடு விழாமலே ஐடிலிங் மட்டும் உயர்ந்து நிற்கலாம். கார்புரேட்டர் எஞ்சின்கள் பலவற்றில் இன்டேக் மேனிபோல்ட் வழியாகத் தண்ணீரும் போகும். அங்கே கசிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் குறையும், ஆனால் தரையில் ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம்.

எக்ஸாஸ்ட் பக்கம் கசிந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் கேட்கும், சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டுச் சத்தம் அடங்கும். டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்து வால்வு அட்ஜஸ்ட் செய்து காசை வீணாக்குபவர்கள் நிறைய. பிரித்தறிய ஒரு வழி: சிலிண்டர் ஒவ்வொன்றாக இன்ஜெக்டரின் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கசியும் சிலிண்டரை நிறுத்தினால் டிக் சத்தம் சட்டென்று குறையும்; டேப்பட் அப்படியே தட்டிக்கொண்டிருக்கும். போர்ட்டை (எஞ்சினில் மேனிபோல்ட் சேரும் துளை) சுற்றிக் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஏர்கோன் போட்டதும் உள்ளே புகை நாற்றம் வருகிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது.

இன்டேக் கசிவைத் தேட கார்ப் கிளீனர் அடிப்பது பட்டறை வழக்கம். சூடான எக்ஸாஸ்ட்டும் ஸ்பார்க்கும் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைப் பொட்டுப் பொட்டாக அடித்தாலே போதும், கசியும் இடத்தில் ஐடிலிங் மாறும்.

வேலைக்கு எஞ்சின் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின நாள் மாலையே எக்ஸாஸ்ட் ஸ்டட்களில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் காடி என்றால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்டேக்கில் தண்ணீர் வழி இருந்தால் ரேடியேட்டரைக் காலி செய்யுங்கள். ஹோஸ்களுக்குப் படம் எடுத்து, டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள்.

நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்துங்கள். நகராத நட்டை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். சிறிது இறுக்கி, பின் தளர்த்தி, மறுபடி எண்ணெய். முறிந்தால் மேலே நட் வைத்து வெல்டிங் செய்து திருகி எடுப்பதே நல்லது. ஸ்டட், எஞ்சினின் சிலிண்டர் ஹெட் மட்டத்துக்குக் கீழே முறிந்திருந்தால் மெஷின் ஷாப்புக்குக் கொடுங்கள். அலுமினிய ஹெட்டில் துளை கோணலானால் செலவு பலமடங்கு.

சுத்தம் செய்வதுதான் வேலையில் பாதி. போர்ட்டுகளில் துணி அடைத்து, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுங்கள். கிரைண்டரில் மாட்டும் பிரஷ் டிஸ்க் வேண்டவே வேண்டாம்: அலுமினியத்தில் பள்ளம் விழும், தூள் எஞ்சினுக்குள் போய் பேரிங்கைத் தின்னும். பிறகு நேரான ஸ்டீல் ரூலரை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.15 மில்லிமீட்டர் தாராளமாக நுழைந்தால் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள், 0.3 நுழைந்தால் மேனிபோல்ட்டை மெஷினில் மட்டம் போடாமல் புதுக் கேஸ்கெட் போடுவது வீண்.

கேஸ்கெட் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துத் துளைகளைப் பாருங்கள். ஒரே எஞ்சின் பெயரிலும் கார்புரேட்டருக்கும் இன்ஜெக்‌ஷனுக்கும் இன்டேக் வேறுபடலாம். கெடாய் பொட்டோங்கில் (பழைய காடிகளைப் பிரித்துப் பாகம் விற்கும் கடை) மேனிபோல்ட் கிடைக்கும், ஆனால் அங்கே கழற்றிய கேஸ்கெட்டை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது. எக்ஸாஸ்ட்டுக்கு அடுக்கு எஃகு அல்லது கிராஃபைட் வகை, சிலிக்கான் எதுவும் பூசாமல் உலர்ந்தபடியே. இன்டேக்கின் காகித வகைக்கும் சிலிக்கான் தேவையில்லை. பூசினால் இறுக்கும்போது வழுக்கி நகர்ந்துவிடும்.

எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறி மாறி, மூன்று சுற்றாக இறுக்குங்கள். அலுமினிய இன்டேக்கின் எம்8 போல்ட்டுக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் வழக்கமான அளவு: 8, 14, 18 என்று ஏற்றலாம். பிளாஸ்டிக் மேனிபோல்ட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் மேனுவல் எண்தான் சட்டம். ஸ்டட்டில் ஆன்ட்டிசீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவினால் அதே எண்ணில் பிடி அதிகமாகிவிடும், கொஞ்சம் குறையுங்கள்.

தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் பத்து நிமிடம் எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து லேசாகப் புகை வரும், பயமில்லை. பிராக்கெட்டையும் மவுண்டையும் அன்றே சரிசெய்துவிடுங்கள். கிராஃபைட் வகை போட்டிருந்தால் இரண்டொரு நாள் ஓட்டிய பிறகு, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த நிலையில், நட்டுகளை ஒருமுறை அதே அளவில் சரிபாருங்கள். சூட்டோடு ரெஞ்ச் வைத்தால் ஸ்டட் முறியும்.