மஸ்டாவின் கூட்டணிச் செய்திகளை அலசுவது எப்படி?

ஜப்பான் கார் நிறுவனமான மஸ்டா ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் வண்டிகள் விற்கிறது. டொயோட்டாவின் அளவில் எட்டில் ஒரு பங்குதான். எல்லாவற்றையும் தானே செய்ய அதனிடம் பணம் இல்லை. அதனால் கூட்டணி அறிவிப்புகள் அடிக்கடி வரும். ஒவ்வொன்றையும் பங்கு (நிறுவனத்தில் கூட்டாளிக்கு உள்ள உரிமை), ஆலை, தொழில்நுட்பம் என மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்கை வைத்து ஆலையின் கதியை ஊகிப்பதுதான் வழக்கமான தவறு. ஃபோர்டு 1979-ல் மஸ்டாவில் ஏறக்குறைய கால் பங்கு வாங்கியது. 1996-ல் அதை 33.4 சதவீதமாக உயர்த்தியது, 2008-ல் 13 சதவீதமாகக் குறைத்தது, 2015-க்குள் முழுவதையும் விற்றுவிட்டது. மிச்சிகனில் இருந்த ஃபிளாட் ராக் கூட்டு ஆலையில் மஸ்டா உற்பத்தி 2012-ல் நின்றது. ஆனால் தாய்லாந்தின் ரயோங்கில் இருவரும் சேர்ந்து நடத்தும் ஆலை, பங்கு கைமாறிய பின்னும் ஓடியது. டொயோட்டாவிடம் இன்று இருப்பது சுமார் 5 சதவீதம். நட்புக்கு அது போதும், கடிவாளத்துக்குப் போதாது.

ஆலையைப் பொறுத்தவரை, அறிவித்த திறனை உற்பத்தி என்று நம்பாதீர்கள். அமெரிக்காவின் அலபாமாவில் டொயோட்டாவும் மஸ்டாவும் சேர்ந்து நடத்தும் ஹன்ட்ஸ்வில் ஆலையின் திறன் ஆண்டுக்கு 3 லட்சம் வண்டிகள். டொயோட்டாவுக்கு ஒன்றரை லட்சம், மஸ்டாவுக்கு ஒன்றரை லட்சம். 2022 ஜனவரியில் அங்கே மஸ்டாவின் சிஎக்ஸ்-50 எஸ்யூவி உற்பத்தி தொடங்கியது. மஸ்டா மாதந்தோறும் வெளியிடும் உற்பத்திப் புள்ளிவிவரத்தில் அந்த மாடலின் எண்ணை எடுத்து, சீனாவில் தயாரானதைக் கழித்து, 12 மாதத்துக்குக் கூட்டி, ஒன்றரை லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். விகிதம் குறையக் குறைய ஒவ்வொரு வண்டியின் தலையிலும் நிலையான செலவு ஏறும். மஸ்டாவின் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அதை நாட்காட்டி ஆண்டோடு கலந்தால் கணக்கு தப்பும்.

கூட்டாளியின் மாடல் நின்றால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். மெக்சிகோவின் சலமன்கா ஆலையில் மஸ்டா2-ஐ ஒட்டி டொயோட்டாவுக்காகத் தயாரித்த யாரிஸ் 2020-ல் நின்றது. அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பு மஸ்டாவின் தலையில் விழுந்தது.

அடுத்தது, பானெட்டுக்குள் இருப்பது யாருடையது என்பது. சிஎக்ஸ்-50 ஹைபிரிடில் இருப்பது டொயோட்டாவின் ஹைபிரிட் அமைப்பு. ஐரோப்பாவில் விற்கும் மஸ்டா2 ஹைபிரிட், பேட்ஜ் மாறிய யாரிஸ்தான். மஸ்டா6இ மின்சாரக் காரின் அடித்தளம் சீனாவின் சாங்கான் நிறுவனத்துடையது. பிடி-50 பிக்கப் முன்பு ஃபோர்டு ரேஞ்சரின் உறவு, 2020 முதல் இசுஸு டி-மேக்ஸின் உறவு. அதனால் அதற்கு உதிரிபாகம் கேட்கும்போது மாடல் பெயரை மட்டும் சொன்னால் தவறான பாகம் வரக்கூடும். சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். வட அமெரிக்காவில் ஓடும் வண்டி எங்கே பிறந்தது என்பதையும் அதே எண்ணின் தொடக்கமே சொல்லிவிடும்: ஜேஎம் என்றால் ஜப்பான், 3எம் என்றால் மெக்சிகோ, 7எம்எம் என்றால் ஹன்ட்ஸ்வில். சிஎக்ஸ்-60, சிஎக்ஸ்-90-ன் ஆறு சிலிண்டர் இன்ஜினும் பின்சக்கர இயக்க அடித்தளமும் மஸ்டாவின் சொந்தச் சரக்கு. பணம் அதிகம் முடங்கியிருப்பதும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

எதிர்காலத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்க வரி. அங்கே விற்கும் மஸ்டாக்களில் பெரும்பாலானவை இறக்குமதி. ஜப்பான் கார்களுக்கான வரி 2025 ஏப்ரலில் 27.5 சதவீதமாக ஏறி, செப்டம்பரில் 15-க்கு இறங்கியது. யென்னின் மதிப்பையும் சேர்த்தே பாருங்கள். பலவீனமான யென் வரியின் அடியை ஓரளவு தாங்கும்.

பிறகு 2027. மஸ்டாவின் சொந்த ஹைபிரிட் அமைப்பும் ஸ்கைஆக்டிவ்-இசட் என்ற அதன் புதிய இன்ஜினும் சேர்ந்த சிஎக்ஸ்-5 அந்த ஆண்டுக்குத் திட்டமிடப்பட்டது. பானசோனிக் எனர்ஜியின் செல்களைக் கொண்டு பேட்டரி பேக் செய்யும், ஜப்பானின் இவகுனி ஆலைக்கு அறிவித்த திறன் ஆண்டுக்கு 10 ஜிகாவாட்-மணி. தாய்லாந்தில் 500 கோடி பாட் முதலீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் சிறு எஸ்யூவிகள் தயாரிக்கும் திட்டமும் உண்டு. இவற்றில் அந்த ஹைபிரிடின் தேதிதான் என் கணக்கில் முக்கியம். அது தள்ளிப்போனால், டொயோட்டாவின் ஹைபிரிட் ஏறிய மஸ்டாக்களின் எண்ணிக்கை கூடுகிறதா என்று பாருங்கள்.