பீரியட்ஸ் டைம்ல வயிறு படுத்துற பாடு: எப்ப என்ன பண்ணணும்

பீரியட்ஸ்னா இடுப்பு வலி, கால் வலி பத்தி எல்லாம் பேசுவோம், ஆனா முதல் நாள் காலைல திரும்பத் திரும்ப பாத்ரூம் ஓடுறத பத்தி மட்டும் யாரும் வாயத் தொறக்க மாட்டோம். இதுல வேடிக்கை என்னன்னா முந்தின வாரம் பூரா மோஷனே சரியா போகாம, வயிறு உப்பி, சுடிதார் நாடாவ தளர்த்திக்கிட்டு உக்காந்திருந்ததும் அதே ஆள்தான். ரெண்டும் வேற வேற பிரச்சனைங்க, ஒண்ணுக்கு பண்ற வைத்தியம் இன்னொண்ண கெடுத்துவிட்டுரும், அதனால நாள் பாத்துதான் எதையும் பண்ணணும்.

காரணம் சிம்பிள்தான். கருமுட்டை வெளிய வந்த பிறகு ப்ரோஜெஸ்டிரான் ஹார்மோன் ஏறும், அது குடலோட அசைவ மெதுவாக்குது, அதான் உப்புசம், கேஸ், மலச்சிக்கல். பீரியட்ஸ் நெருங்கும்போது அது சர்ருனு இறங்கிரும். அப்ப கர்ப்பப்பை உள்சவ்வுல ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரந்து கர்ப்பப்பைய சுருங்க வெச்சு ரத்தத்த வெளிய தள்ளும். குடல் பக்கத்துலயே இருக்கு, அதுவும் அதே வகை தசைதான், அதையும் சேத்து முறுக்கிவிட்டுரும். நேத்து நைட்டு என்ன சாப்ட்டேன்னு யோசிச்சு மண்டைய ஒடைக்க வேணாம், பல நேரம் சாப்பாட்டு மேல தப்பே இருக்காது.

முதல்ல அந்த முந்தின வாரம். ஆபீஸ் பாத்ரூம் நல்லா இல்ல, பஸ்ல போகணும்னு தண்ணியே குடிக்காம இருக்குறோம் பாருங்க, பாதி மலச்சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. தண்ணி, கொய்யாப்பழம், வாழைத்தண்டு, கீரை, நைட்டு சாப்ட்டுட்டு ஒரு நடை, பெரும்பாலும் இதுவே போதும். நார்ச்சத்த ஒரே நாள்ல அள்ளிப் போட்டா கேஸ் இன்னும் ஏறும், கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. இசப்கோல் (மலம் இளக தண்ணில கலந்து குடிக்கிற நார்ச்சத்து உமி) எடுக்குறவங்க ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட எடுக்கணும், கம்மி தண்ணில குடிச்சா அது உள்ள போய் அடைச்சுக்கும். அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் குறைச்சா உடம்புல நீர் கோக்குறது கொஞ்சம் கம்மியாகும். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை போடுறீங்கன்னா அதுவும் மலத்த இறுக்கும், கலர் கருப்பா போகும், பயப்படாதீங்க, ஆனா நீங்களா நிறுத்திறாதீங்க, டாக்டர்ட்ட சொன்னா வேற மாத்தித் தருவாங்க.

இப்ப முதல் ரெண்டு நாள். இங்க எல்லாமே தலைகீழ். கொய்யா, கீரை, இசப்கோல் எல்லாத்துக்கும் லீவு. வெறும் வயித்துல ஸ்ட்ராங் காபி வேணவே வேணாம், காபி சாதாரண நாள்லயே குடல தட்டி எழுப்புற சாமான். இட்லி, அரிசிக் கஞ்சி, ரசம் சாதம், மோர் சாதம், வாழைப்பழம் போதும். சீரகத் தண்ணி, ஓமத் தண்ணி, இஞ்சி போட்ட டீ இதெல்லாம் கேஸுக்கு எதமா இருக்கும். வீட்ல அம்மா உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊத்தி கொண்டு வந்து நிப்பாங்க, நல்ல சாப்பாடுதான், ஆனா தண்ணி தண்ணியா போயிட்டு இருக்கும்போது அவ்ளோ எண்ணெயும் கருப்பட்டியும் தாங்காது, மூணாவது நாள் சாப்டுறேன்மானு சொல்லிப் பாருங்க, திட்டு விழும், பரவால்ல.

அஞ்சாறு தடவை போயிருச்சுன்னா ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல், மெடிக்கல்ல பொடி பாக்கெட்டா கிடைக்கும்) குடிங்க. பெரிய பாக்கெட்ட முழுசா 1 லிட்டர் தண்ணில ஒரே தடவைல கலக்கணும், கொஞ்சம் பொடிய ஒரு டம்ளர்ல போட்டு குடிக்கக் கூடாது. பாக்கெட் இல்லன்னா கொதிக்க வெச்சு ஆறின 1 லிட்டர் தண்ணில 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளக்கணும், கண்ணளவு வேணாம்.

அடுத்து மாத்திரை, நிறைய பேர் கோட்ட விடுற எடம் இதுதான். மெடிக்கல்ல பீரியட்ஸ் வலிக்குனு கேட்டா பெரும்பாலும் மெஃபெனமிக் ஆசிடும் டைசைக்ளோமினும் சேந்த மாத்திரைதான் எடுத்து நீட்டுவாங்க. மெஃபெனமிக் ஆசிட் ப்ராஸ்டாகிளாண்டின குறைக்கும், அதனால வலி உச்சத்துக்கு போற வரைக்கும் பல்ல கடிச்சிட்டு இருக்காம ஆரம்பத்துலயே போட்டாதான் நல்லா வேலை செய்யும், ஆனா சாப்ட்டுட்டு போடணும், வெறும் வயித்துல போட்டா நெஞ்செரிச்சல், குமட்டல் எல்லாம் வரும். சில பேருக்கு இந்த மாத்திரையே லூஸ் மோஷன் ஆக்கும், மாத்திரை போட்ட அப்புறம்தான் அதிகமாகுதுன்னா டாக்டர்ட்ட கேட்டு மாத்துங்க. டைசைக்ளோமின் வயித்துப் பிடிப்ப தளர்த்துற மருந்து, அது நேர் எதிர், வாய் வறளும், மலம் இறுகும், ஏற்கனவே நாலு நாளா போகலன்னா அது இன்னும் கஷ்டம். அல்சர், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா இருக்குறவங்களும் கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருக்குறவங்களும் கேக்காம போடக் கூடாது. மழைக்காலத்துல காய்ச்சலும் சேந்து அடிச்சா டெங்கு இல்லன்னு தெரியுற வரைக்கும் இந்த வகை வலி மாத்திரை பக்கமே போகாதீங்க. 2023 கடைசில மருந்துங்களோட தரத்தையும் பாதுகாப்பையும் பாக்குற அரசு அமைப்பான இந்தியன் பார்மகோபியா கமிஷனே மெஃபெனமிக் ஆசிட் பத்தி ஒரு அலர்ட் விட்டாங்க, அரிதா காய்ச்சல், தோல் தடிப்பு, நெறி கட்டுறதுன்னு கடுமையான அலர்ஜி வரலாம்னு. அப்படி எதாவது தெரிஞ்சா உடனே நிறுத்திட்டு டாக்டர்ட்ட போங்க.

மாத்திரை வேணாம்னா ஹாட் வாட்டர் பேக் ஒரு துணி சுத்தி அடிவயித்துல வைங்க, நெஜமாவே கேக்கும். மென்ஸ்ட்ருவல் கப் யூஸ் பண்றவங்க, முக்கும்போது கப் கீழ எறங்கும், போயிட்டு வந்து ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. கழுவுறது எப்பவும் முன்ன இருந்து பின்னாடி, லூஸ் மோஷன் நாள்ல ரொம்ப முக்கியம்.

டாம்பானோ கப்போ உள்ள இருக்கும்போது திடீர்னு கடும் காய்ச்சல், வாந்தி, பேதி, உடம்புல சிவப்பு தடிப்பு வந்தா அத எடுத்துட்டு நேரா எமர்ஜென்சிக்கு ஓடணும், நாளைக்கு பாத்துக்கலாம்ங்கற பேச்சே இல்ல. மலத்துல ரத்தம், தூக்கத்துல இருந்து எழுப்புற பேதி, எடை குறையுறது, பீரியட்ஸ் முடிஞ்சும் நிக்காத பேதி இதெல்லாமும் காட்ட வேண்டிய விஷயம். மலத்துல வர்ற ரத்தமா பீரியட்ஸ் ரத்தமானு குழப்பமா இருந்தா, அந்த குழப்பத்தையே அப்படியே டாக்டர்ட்ட சொல்லுங்க.

இன்னொண்ணு, மாசா மாசம் பீரியட்ஸ் நாள்ல மட்டும் மோஷன் போகும்போது உயிர் போற வலி வருதுன்னா அது எண்டோமெட்ரியோசிஸா (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது) இருக்கலாம், ஐபிஎஸ்னு (IBS, குடல் எரிச்சல் நோய்) நெனச்சு வருஷக்கணக்கா கேஸ் மாத்திரை சாப்டுட்டு இருப்பாங்க. போன் காலண்டர்ல ரெண்டு மூணு மாசம் எந்த நாள் வலி, எந்த நாள் எத்தன தடவைனு குறிச்சு வெச்சுட்டு மகப்பேறு டாக்டர்ட்ட போங்க. மோஷன் பத்தி அவங்களா கேப்பாங்கன்னு காத்திருக்காதீங்க, உக்காந்ததும் மொதல்ல அதையே சொல்லுங்க.