வெள்ளம் வடிந்த வீட்டில் சேறு அள்ளும்போது நாரியை (கீழ்முதுகை) முறிக்கும் தவறுகள்

வெள்ளம் வடிந்த மறுநாள் விடிய யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை, சேறு அள்ளும் சவள் சீமெந்தில் உரசும் சத்தம் கேட்கும். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் பெங்கல், 2025 நவம்பரில் டிட்வா என்று புயலின் பெயர் மாறினாலும் அந்தச் சத்தம் மாறவில்லை. அதற்கு அடுத்த நாள் வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சும் மாறவில்லை: "நாரியை நிமிர்த்தேலாமல் கிடக்குது."

ஒவ்வொரு மாரியிலும் புதிதாகச் சவள் பிடிக்கும் பெடியன்கள், மூத்தவர்கள் பட்டுத் திருந்திய அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். மெயின் சுவிட்சை நிறுத்து, கையுறை போடு என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, உடம்பைக் கெடுப்பவற்றை மட்டும் பார்ப்போம்.

நிறையைக் கணக்குப் பாராமல் இறங்குவது

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. நிலத்தில் இரண்டு அங்குலச் சேறு. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது 20 கன அடி. ஒரு கன அடி ஈரச் சேறு 45 முதல் 50 கிலோ வரும். அந்த ஓர் அறைக்குள் கிடப்பது ஏறக்குறைய ஒரு தொன். சவளுக்கு ஆறு கிலோப்படி அள்ளினால் 160 தடவை குனிந்து நிமிர வேண்டும். விறாந்தையும் குசினியும் இன்னும் இரண்டு அறைகளும் சேர்ந்தால் என்ன வருமென்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கனடாவில் இருக்கும் சொந்தங்கள் குளிர்காலப் புயலுக்குப் பிறகு வாசலில் ஸ்நோ அள்ளி நாரி பிடித்த கதையை ஃபோனில் சொல்வார்கள். ஈரம் ஏறிக் கனத்த ஸ்நோ ஒரு கன மீட்டருக்கு 300, 400 கிலோ அளவில் இருக்கும். எங்கள் சேறு அதே அளவுக்கு 1,700 கிலோவை நெருங்கும். அங்கே தகடு நிறைய அள்ளுகிறார்களே என்று இங்கேயும் அள்ளக் கூடாது. தகட்டில் பாதி போதும். செம்பாட்டு மண்ணென்றால் பாதிக்கும் குறைவு. அது தகட்டில் ஒட்டிக்கொண்டு விழாது. உதறும் ஒவ்வொரு உதறலும் தோள்மூட்டில்தான் போய் அடிக்கும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்து, ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை தகட்டை முக்கி எடுத்தால் சேறு வழுக்கிக்கொண்டு இறங்கும்.

வண்டிலைப் பின்னால் நிறுத்திவிட்டு நாரியைத் திருகி எறிவது

மற்றப் பிழைகளெல்லாம் ஒருபுறம், இது ஒருபுறம். எத்தனை தரம் சொன்னாலும் நிற்காத பிழை இது. காணும்போதெல்லாம் மனம் எரிகிறது. ஏனென்றால் தவிர்ப்பதற்கு ஒரு சதம் செலவில்லை, செய்ததற்கு விலை பல வருடம் நீளும்.

காட்சி எப்போதும் ஒன்றுதான். தள்ளுவண்டில் வாசற்படியில் நிற்கும். பெடியன் அறைக்குள்ளே சுவரைப் பார்த்தபடி நின்று அள்ளுவான். காலை எடுக்காமல் நாரியை மட்டும் திருப்பித் தோளுக்கு மேலால் பின்பக்கம் வீசுவான். பாதி வண்டிலுக்குள் விழும், பாதி படியில் சிந்தும். "தம்பி, வண்டிலை முன்னுக்குக் கொண்டு வாவன்" என்றால், "பரவாயில்லை அண்ணை, இன்னும் நாலு சவள்தானே" என்பான். அந்த நாலு சவள் நானூறாகும்.

உள்ளே நடப்பது இதுதான். சேறு ஆறு கிலோ, சவள் இரண்டு கிலோ, மொத்தம் எட்டு. அது முதுகெலும்பிலிருந்து 70 சென்ரிமீற்றர் முன்னால் நிற்கிறது. அதைத் தாங்கும் நாரித் தசையோ எலும்பின் நடுவிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் பின்னால்தான் இருக்கிறது. துலாவின் கணக்குத்தான்: எட்டை எழுபதால் பெருக்கி ஐந்தால் பிரித்தால் 112 கிலோ. அந்த எட்டுக் கிலோவுக்காக மட்டும் தசை அவ்வளவு இழுக்க வேண்டும். குனிந்து நிற்கும் மேலுடம்பின் பாரம் அதைவிடக் கூட வரும்.

இதற்கு மேல் திருகல். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டின் வெளிவளையம், கடகப் பின்னல் போல, ஒரு படைக்கு அடுத்த படை எதிர்ச்சாய்வாகப் பின்னப்பட்டது. நேராகத் தூக்கும்போது எல்லாப் படைகளும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். திருகும்போது ஒரு பக்கம் சாய்ந்த நார்கள் மட்டும் இறுக, மற்றவை தளர்ந்துவிடும். பாரம் குறையவில்லை, சுமக்கும் நார் பாதியாகிவிட்டது.

சேறு இதை இன்னும் மோசமாக்குகிறது. காய்ந்த தரையில் திரும்பினால் பாதமும் தன்பாட்டில் திரும்பிவிடும். சேற்றுக்குள் கம்பூட்ஸ் உறிஞ்சப்பட்டு அசையாது நிற்கும். அதனால் திரும்பலெல்லாம் முழங்காலிலும் நாரியிலும் விழுகிறது. தோட்டம் கொத்திப் பழகிய கெட்டியான ஆட்களே வெள்ளச் சேற்றில் நாரி பிடித்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

நோ உடனே தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. தட்டின் உட்படைகளில் நரம்பில்லை. வெளி ஓரத்தில்தான் உண்டு. நார் நாராய் அறுந்துகொண்டு போகும்போது ஆள் சிரித்துக்கொண்டு வேலை செய்வான். அடுத்த நாள் காலை பல்லுத் தீட்டக் குனியும்போதோ, ஒரு தும்மலிலோ வெட்டி இழுக்கும். அப்போது தும்மலைத்தான் குற்றம் சொல்வார்கள்.

சரியாகச் செய்யும் முறை: சேற்றை எங்கே கொட்டுவது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். ஒழுங்கை வாய்க்காலில் கொட்டினால் அடுத்த மழைக்கு அது அடைத்து, அதே சேற்றை இன்னொருதரம் தூக்க வேண்டிவரும். பிறகு அங்கே போகும் வழிக்குப் பலகை போடுங்கள். வண்டிலை அறைக்குள்ளேயே கொண்டுவந்து, மூக்கு வாசலைப் பார்க்க, அள்ளும் இடத்திலிருந்து ஓர் எட்டு தூரத்தில், உங்களுக்கு முன்னால் சற்றுப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். நிற்கும் இடத்திலும் ஓரடி அகலப் பலகை ஒன்று போட்டால் பாதம் திரும்பும்.

முன்கை தகட்டுக்குக் கிட்டப் பிடிக்க வேண்டும். முழங்காலை மடித்து, பின்கையைத் தொடையோடு அணைத்து, தொடையால் சவளைத் தள்ளிச் சேற்றுக்குள் செலுத்துங்கள். தூக்கியதும் சவளை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். மூக்கும் தொப்புளும் கால்விரலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். எறிய வேண்டாம், கவிழ்த்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். இடக்கை முன்னால் வந்தால் முதலில் சங்கடமாக இருக்கும், அரை மணியில் பழகிவிடும். வண்டிலைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். வண்டில் நுழையாத அறையென்றால் நிலத்தில் தடித்த தறப்பாளை விரித்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி இழுத்துச் செல்லலாம். அப்போது தூக்க வேண்டிய உயரமே இல்லை.

சிரமதானத்தில் வாளி கைமாற்றும் வரிசையிலும் இதே திருகல் ஒளிந்திருக்கிறது. தோளோடு தோளாக ஒரே வரிசையில் நின்றால், வலப்பக்கம் வாங்கி இடப்பக்கம் கொடுக்க ஒவ்வொருவரும் அரை வட்டம் திருக வேண்டும். இரண்டு வரிசையாக, முகத்துக்கு முகம், ஒருவருக்கு நேரே ஒருவர் வராமல் இடைவெளிக்கு நேரே நின்று, எதிர்வரிசைக்குக் கொடுத்து வாங்குங்கள். பத்து லீற்றர் வாளி நிறைந்தால் 17 கிலோ. அரை வாளி போதும்.

மண்வெட்டியால் தூக்குவது

மண்வெட்டி இழுப்பதற்கு, தூக்குவதற்குச் சவள்.

சேறு காயட்டும் என்று காத்திருப்பது

இரண்டு நாள் வெயில் பட்டால் இலேசாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. களிச் சேறு காய்ந்தால் சீமெந்தோடு பிடித்துக்கொள்ளும். பிறகு அலவாங்கால் கிளப்ப வேண்டும். வெள்ளம் முழங்காலுக்குக் கீழே இறங்கி, கடைசி இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் நிற்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். இரண்டடிப் பலகை ஒன்றை ஐந்தடிக் கம்பில் குறுக்காக அறைந்து, அடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்து ஆணியடித்தால் நல்ல தள்ளுபலகை. கலக்கி வாசலை நோக்கித் தள்ளினால் முக்கால்வாசிச் சேறு சவள் தொடாமலே வெளியேறும். தள்ளுவது தூக்குவதை விட நாரிக்கு எவ்வளவோ மேல்.

எழும்பிய கையோடு தொடங்குவது

இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டுத் தட்டுகள் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும். எழும்பிய முதல் ஒரு மணி நேரம் குனியும்போது அவற்றின் மேல் விழும் அழுத்தம் கூட. அந்த நேரத்தைச் சாமான் ஒதுக்க, பலகை போட, தண்ணீர் காய்ச்சப் பயன்படுத்துங்கள். வெறும் தேத்தண்ணியோடு இறங்காமல் ஏதாவது அளவாகச் சாப்பிடுங்கள். வயிறு முட்டவும் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கிளாஸ் கொதித்தாறிய தண்ணீர் அல்லது உப்புப் போட்ட கஞ்சி. வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம்.

ஒருவர் அள்ள, ஒருவர் வண்டில் தள்ள, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வதுதான் நல்ல வேகம்.

வெறுங்கால்

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில், வெள்ளச் சேற்றால் தொற்றும் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போயின. பூட்ஸ் போடுங்கள், தடுப்பு மாத்திரைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

நெஞ்சு நோவை வாய்வு என்பது

சவள் வேலை நடப்பதைப் போலவோ சைக்கிள் ஓடுவதைப் போலவோ அல்ல. கையும் தோளும் இறுகிப் பிடித்தபடி இயங்குவதால் பிரசர் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். ஆகவே தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். வருடம் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்த 45 வயதுக்காரர், சீனி வருத்தமோ பிரசரோ உள்ளவர், முன்பு இதயத்துக்கு மருந்து எடுத்தவர் சவளைத் தொடாமல் தள்ளுபலகையோடு நிற்கட்டும். "என்ர வீட்டை நான்தான் துப்பரவாக்க வேணும்" என்ற ரோசத்தில் இறங்கும் அப்பாமாரைப் பிள்ளைகள் மறிக்க வேண்டும்.

நடு நெஞ்சில் கல் வைத்தது போன்ற இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ ஏறும் நோ, குளிர்ந்த வியர்வை, வேலைக்குப் பொருந்தாத இளைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் சவளைக் கீழே போடுங்கள். வாய்வு என்று சோடாவும் ஓமத் தண்ணியும் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் பார்ப்போம் என்பதுதான் ஆபத்து. அம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணை அழையுங்கள். ஒழுங்கைக்குள் வெள்ளம் நின்று அம்புலன்ஸ் வராதென்றால், நோயாளியை நடக்கவிடாமல் கதிரையில் இருத்தித் தூக்கி வீதிக்குக் கொண்டுவாருங்கள்.

நாரி பிடித்தபின் மிதிப்பிப்பது

குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஆளை ஏற்றி மிதிப்பிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. விலகிய தட்டு நரம்பை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த மிதி அதை இன்னும் உள்ளே தள்ளக்கூடும். சாதாரணப் பிடிப்பென்றால் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து ஓரிரு நாள் ஆறி, இடையிடையே எழும்பி வீட்டுக்குள் மெல்ல நடந்தால் இளகும். ஒரு கிழமை அசையாமல் படுத்துக் கிடந்தால் நாரி இன்னும் இறுகும்.

நோ பிட்டத்தால் இறங்கி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை ஓடினால் வைத்தியரைக் காண வேண்டும். கால்விரலைத் தூக்க முடியாவிட்டால், இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போனால், சலம் (சிறுநீர்) போக மறுத்தால் அல்லது தெரியாமல் போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.