கோழிக்கு இறக்கை அடிபட்டா உடனே என்ன செய்யணும்?

காரைக்குடி பக்கம் எங்க வீட்டு பின்கட்டுல போன மாசம் ஒரு நாட்டுக்கோழிய நாய் கவ்விருச்சு, இடது இறக்கை தரையில இழுபட்டு தொங்குது, பாக்கவே மனசு பதறிருச்சு. முதல்ல அத தனியா பஞ்சாரத்துல போட்டு கவுத்துங்க, ரத்தத்தப் பாத்தா மத்த கோழிங்க கொத்தியே கொன்னுரும். காய்ச்சி ஆறுன உப்புத்தண்ணில காயத்த கழுவி, பெட்டடின் தடவுங்க. ஈ மொய்க்க விட்ராதீங்க, புழு வச்சுரும்.

அப்புறம் கட்டு. இறக்கைய அது எப்பவும் மடக்குற மாதிரியே மடக்கி, பழைய வேட்டித் துணிய ரெண்டு விரக்கடை அகலத்துக்கு கிழிச்சு உடம்போட சேத்து சுத்துங்க, நல்ல இறக்கைக்கு அடியில கொண்டு போகணும். இங்கதான் நிறைய பேரு இறுக்கிக் கட்டிர்றாங்க. கோழிக்கு நம்மள மாதிரி உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருந்து மூச்சிழுக்க உதவுற தசை) கிடையாது, நெஞ்செலும்பு அசைஞ்சாதான் மூச்சே, அதனால துணிக்கடியில ஒரு விரல் தாராளமா போகணும். வாயத் திறந்து மூச்சு வாங்குனா உடனே தளத்துங்க. குருணையும் தண்ணியும் பக்கத்துலயே இருக்கட்டும், ரெண்டு வாரமாவது மேல பறக்க விடாதீங்க.

எலும்பு வெளிய தெரிஞ்சாலோ நாய்ப்பல்லு ஆழமா இறங்கிருந்தாலோ தாமதிக்காம கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போயிருங்க.