எலக்ட்ரிக் சைடு ஸ்டெப்: வண்டியைத் தூங்கவிடாத ஒரு வயரும் வேறு சில தவறுகளும்

போன வாரம் பக்கத்துக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், எலக்ட்ரிக் சைடு ஸ்டெப் மாட்டுவதற்காக, கோடி ரூபாய் வண்டியின் கதவு வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தார். பல்லை மன்னித்துவிடலாம். உரித்த இடத்தைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருஷங்களுக்கு முன்னால் ஏறக்குறைய அதே இடத்தில் கை வைத்து, அதற்கான பணத்தை என் பையிலிருந்து கட்டியவன் நான்.

இடது வலது மாற்றிப் பூட்டுவது, பெட்டியில் போல்ட்டை எண்ணாமல் வேலையை ஆரம்பிப்பது, இதெல்லாம் இங்கே வேண்டாம். ஒருமுறை செய்து முதலாளியிடம் திட்டு வாங்கினால் தானாகத் திருந்தும். திட்டு வாங்கினாலும் திருந்தாத சிலதை மட்டும் சொல்கிறேன்.

கதவைத் திறந்தால் ஏறுவதற்கான படிப் பலகை இறங்கி வெளியே வரும், மூடினால் மடங்கி உள்ளே போகும். வேலை அவ்வளவுதான். பக்கத்துக்கு ஒரு மோட்டார், பலகையைத் தாங்கும் மடக்குக் கைகள், எல்லாவற்றுக்கும் மூளையாக ஒரு கன்ட்ரோலர். லேண்ட் குரூசர், ரேஞ்ச் ரோவர் மாதிரி உயரமான வண்டிகளுக்கு இதைக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அழகுக்காக வருவதில்லை. வீட்டில் முழங்கால் வலியோடு ஓர் அம்மாவோ அப்பாவோ இருப்பார்.

ஏர் கன்னில் போல்ட்டை முடுக்குவது

கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்தில் பல வண்டிகளுக்கு கம்பெனியிலேயே ஓட்டை விட்டு, உள்ளே நட்டை வெல்டு பண்ணி அனுப்பியிருப்பார்கள். முதல் சுற்றிலேயே கன்னை வைத்து அடித்தால் மரை கோணலாக ஏறும். அதற்கு மேலும் அடித்தால் வெல்டு விட்டு, நட்டு உள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும். மூடிய சட்டத்துக்குள் சுற்றும் நட்டைப் பிடிக்க ஸ்பானர் போகாது. சட்டத்தில் ஜன்னல் வெட்ட வேண்டும், அதாவது கஸ்டமரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

முதல் நாலைந்து சுற்று விரலால்தான். எல்லா போல்ட்டும் உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்ச் (அளவு பார்த்து முறுக்கும் ஸ்பானர்). ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வரச்சொல்லி மறுபடி ஒருமுறை பாருங்கள். (வரச்சொன்னால் யாரும் வருவதில்லை. நானே போன் பண்ணுகிறேன்.)

ஜாக்கி வைக்கும் இடத்தை மறைப்பது

பிராக்கெட்டைப் பூட்டுவதற்கு முன் ஜாக்கியை வைத்துப் பாருங்கள்.

கதவு சிக்னலுக்குக் கிளிப் போடுவது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

கதவு திறந்திருக்கிறது என்று கன்ட்ரோலருக்கு யாராவது சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில் இது சுலபம். கதவு ஓரத்தில் ஒரு பட்டன் சுவிட்ச். கதவு திறந்தால் எர்த்தைத் தொடும், உள்ளே விளக்கு எரியும். அந்த வயரில் நீங்களும் ஒரு இணைப்பு எடுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இன்றைய வண்டிகளில் சுவிட்ச் கதவு லாக்குக்குள்ளேயே இருக்கிறது. அது ஒரு மாட்யூலிடம், அதாவது வண்டிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டரிடம், சொல்கிறது. மாட்யூல் நெட்வொர்க்கில் மற்ற எல்லாருக்கும் சொல்கிறது. வண்டி எப்போது தூங்கலாம் என்ற முடிவுக்கும் இந்தத் தகவல்தான் ஆதாரம்: எல்லாக் கதவும் மூடி, பூட்டி, கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் ஒவ்வொரு மாட்யூலாக அடங்கும். கடைசியில் பேட்டரியிலிருந்து 50 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

நான் செய்தது இது. வயரை வெட்டாமல் மேலே கவ்வி, உள்ளே இருக்கும் தகட்டால் உறையைக் கிழித்துத் தொடும் நீலக் கிளிப் ஒன்று பத்து ரூபாய்க்கு எல்லா எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். அதை லாக்கிலிருந்து வரும் மெல்லிய வயரில் போட்டேன். பலகை அழகாக வந்தது, போனது. கஸ்டமர் சந்தோஷமாகக் காசு கொடுத்தார். அவருடைய அப்பாவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்றோர் இரண்டு பேரும் சிரமமில்லாமல் ஏற வேண்டும் என்றுதான் போட்டார்.

வீடு கிழக்குக் கடற்கரைச் சாலையில். உப்புக் காற்று. கிளிப் கிழித்த இடத்தில் ஈரம் இறங்கி, தாமிரம் பாசி பிடித்த மாதிரி பச்சையாகியிருக்கிறது. தொடுதல் விட்டு விட்டு வந்ததும், கதவு திறந்தது, மூடியது, திறந்தது என்று வண்டி தனக்குத்தானே நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் 0.3 ஆம்பியர் கூடுதலாகக் கசிந்தாலே ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர். ஒரு வாரத்தில் 50. அந்த வண்டியில் இருந்தது 90 ஆம்பியர்-அவர் பேட்டரி.

அவர்கள் பத்து நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினார்கள். மறுநாள் திருக்கடையூரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். பெட்டியெல்லாம் எடுத்துக்கொண்டு கீழே வந்து ரிமோட்டை அழுத்தினால் மூச்சில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்தார்கள். கியர் பார்க்கிங்கில் பூட்டிக்கொண்டிருந்தது. பேஸ்மென்ட் கூரை தாழ்வு, டோ வண்டி உள்ளே வராது. கடைசியில் வாடகை இன்னோவாவில் போனார்கள். அதில் ஏற அந்த அம்மாவுக்கு வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்து வந்து போட்டார்களாம். எலக்ட்ரிக் படி வைத்த வண்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கஸ்டமர் கோபப்படவில்லை, அந்த ஸ்டூலைப் பற்றி மட்டும் சொன்னார். இன்றைக்கும் நீல பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

அப்போதும் புத்தி வரவில்லை. பேட்டரிதான் செத்திருக்கும் என்று புதுசு போட்டேன். நாலாம் நாள் அதுவும் படுத்தது. சரி, வயரைப் பார்க்கலாம் என்று பல்பு வைத்த பழைய டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக் கதவு வயர்களில் ஒவ்வொன்றாகக் குத்தினேன். அந்த பல்பு எரிய கால் ஆம்பியராவது இழுக்கும்; மில்லி ஆம்பியர் கணக்கில் பேசும் மாட்யூலிடம் அதைக் கேட்டால் என்ன ஆகும்? போனது. புது மாட்யூல் வர மூன்று வாரம், அதை அந்த வண்டிக்கென்று ப்ரோக்ராம் பண்ண ஒரு நாள். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல். நான் அந்த வேலைக்கு வாங்கிய கூலி எட்டாயிரம்.

இப்போது செய்வது வேறு. அந்த மாடலுக்கென்றே கப்ளரோடு (வயரை வெட்டாமல் சொருகும் இணைப்பு) வரும் வயரிங் கிடைத்தால் அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். அது இல்லையென்றால், கதவில் காந்தம் ஒட்டித் தனி சென்சார் வைக்கும் செட். வண்டியின் வயரை அது தொடவே தொடாது. மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகும் செட்டும் இருக்கிறது. அதில் 16ஆம் பின்னில் சாவி இல்லாமலே எப்போதும் கரண்ட் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். மட்டமான மாட்யூல் சொருகினால் அதுவே நெட்வொர்க்கைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும்.

எந்த செட் போட்டாலும் தூக்கத்தை அளக்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். பானெட்டைத் திறந்து வைத்து, அதன் லாக்கையும், திறந்திருக்கும் கதவின் லாக்கையும் ஸ்க்ரூடிரைவரால் திருப்பி 'டக்' என்று விழ வைத்தால், மூடிவிட்டதாக வண்டி நினைக்கும். பூட்டிவிட்டு சாவியைப் பத்து மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள். சட்டைப் பையில் இருந்தால் வண்டி அடங்காது. முக்கால் மணி நேரம் கழித்து, பேட்டரி கேபிளில் டி.சி. மில்லி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் படியுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, முடித்த பிறகு ஒரு தடவை. முதல் அளவு இல்லாவிட்டால், வண்டியில் முன்னாலேயே இருந்த கசிவும் உங்கள் தலையில் விழும். அப்புறம், முடிந்ததும் கைப்பிடியை இழுத்து லாக்கை விடுவிக்க மறந்து கதவை அறைந்தால் லாக் உடையும். அதையும் செய்திருக்கிறேன்.

நெகட்டிவை பேட்டரி முனையில் கட்டுவது

இந்த வண்டிகளில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்து, எவ்வளவு கரண்ட் போகிறது, வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். ஸ்டெப்பின் நெகட்டிவ் வயரை நேராக முனையில் கட்டினால் அது இழுக்கும் கரண்ட் அந்தக் கணக்கில் வராது. பாடியில் கம்பெனி கொடுத்திருக்கும் எர்த் போல்ட்டில் கட்டுங்கள். பாசிட்டிவில் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் ஓடும் வயருக்கு யார் காவல்?

மடக்குக் கைக்கு கிரீஸ்

பாவமாக இருக்கிறது என்று நல்லெண்ணத்தில்தான் தடவுகிறார்கள். ஒரு வாரத்தில் புழுதியும் கிரீஸும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். கழுவி, காயவிட்டு, ஒட்டாத சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் போதும்.

மடக்கி வைத்தே வாட்டர் சர்வீஸ்

கதவெல்லாம் மூடி வண்டியைக் கழுவினால் பலகை உள்ளே ஒளிந்திருக்கும், சேறும் அதோடு ஒளிந்திருக்கும். கன்ட்ரோலரில் எப்போதும் வெளியே நிற்கும் மோடு இருந்தால் அதைப் போட்டு, இல்லாவிட்டால் கதவைத் திறந்து பலகை வந்ததும் ஃபியூஸைப் பிடுங்கி, கதவை மூடிவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். மோட்டார் கப்ளர் மேல் பிரஷர் கன்னை நெருக்கிப் பிடிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தெருத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கப்ளரைக் கழற்றி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

பலகையில் இரண்டு பேர் ஏறிக் கூரை துடைப்பது

ஒரு ஆள்.

வெளியே நின்றுவிட்ட பலகையைக் கையால் தள்ளுவது

பெரும்பாலான மோட்டார்களில் இருப்பது வார்ம் கியர். உள்ளிருந்து சுற்றினால் பலகை நகரும். வெளியிலிருந்து தள்ளினால் நகராது, பல்தான் போகும். காலால் உதைத்து உள்ளே அனுப்பியவர் ஒருவர், மோட்டாரை ஒரு பாலித்தீன் பையில் போட்டு எடுத்து வந்தார்.

பலகை நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் சேறுதான். யாராவது கால் மாட்டிக்கொண்டால் நிற்க வேண்டும் என்பதற்காக, மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறினால் கன்ட்ரோலர் நிறுத்திவிடும். கீலில் கல் மாட்டினாலும், களிமண் காய்ந்து இறுகினாலும் கரண்ட் அதே மாதிரிதான் ஏறும். காலா கல்லா என்று அதற்குத் தெரியாது.

போன மழையில் ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலிருந்து போன் பண்ணினார். இடது பலகை வெளியே நிற்கிறது அண்ணே, இப்படியே ஓட்டலாமா என்றார். ஓட்ட வேண்டாம், வண்டியில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். போன் வெளிச்சத்தில் குனிந்து பின்பக்கத்துக் கீலில் ஊற்றி, குச்சியால் நெம்பி, கதவைத் திறந்து மூடச் சொன்னேன். முதல் பாட்டிலுக்குப் பாதி தூரம் போய் நின்றது. இரண்டாவதுக்கு உள்ளே போய்விட்டது.