பழைய காலத்துக் கறுப்புத்தாள் அல்பம் கட்டுவது எப்படி?

படத்தைத் தாளில் நேரே ஒட்டாதீர்கள். நாலு மூலையையும் கடதாசிக் கூட்டுக்குள் செருகுவதுதான் பழைய முறை. எத்தனை வருடம் கழித்தும் படத்தைக் கிழிக்காமல் எடுத்து, பின்னால் எழுதியிருப்பதை வாசிக்கலாம்.

தாள்: 30 × 24 செ.மீ. அளவில் 12 கறுப்புத் தாள். வெட்டுமுன் இரு வாட்டிலும் வளைத்துப் பாருங்கள். இலகுவாக வளையும்போது வரும் வளைவின் மடிப்பு, கட்டும் ஓரமான 24 செ.மீ. ஓரத்துக்கு இணையாக இருக்க வேண்டும். மாறினால் மாரியில் தாள் சுருளும். அந்த ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி, கரண்டிக் காம்பால் அழுத்தி மடிப்புக்கோடு போடுங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் விடும் பெரிய பிழை, இடைப்பட்டியை மறப்பது. படம் ஏற ஏற அல்பம் வாய் பிளந்து நிற்கும். தாளுக்குத் தாள் கட்டும் ஓரத்தில் 2.5 × 24 செ.மீ. பட்டி ஒன்று வையுங்கள். இருபக்கமும் படம் வந்தால் இரண்டு.

மூலை: 1.5 × 3 செ.மீ. துண்டை எடுங்கள். மேல் விளிம்பின் நடுவைக் கூராக வைத்து, இரு பக்கத்தையும் கீழே மடித்தால் முக்கோணம் வரும். மடிந்த பக்கத்தில் மட்டும் பசை தொட்டு ஒட்டுங்கள். பசை வாய்க்குள் போனால் படமும் ஒட்டிப்போகும். இறுக்கிச் செருகவும் வேண்டாம், படம் வளையும்.

பசை: 2 மேசைக்கரண்டி கோதுமை மா, 10 மேசைக்கரண்டி தண்ணீர். கட்டிபடாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் பளபளக்கும்வரை கிண்டி ஆறவிடுங்கள். பூச்சிக்குப் பயந்து மயில்துத்தம் சேர்க்க வேண்டாம், படத்துக்குக் கூடாது. மெல்லிசாகப் பூசினால் போதும்; தடித்த பசையைத் தேடித்தான் இராமபாணப் பூச்சி வரும்.

மட்டை: 2 மி.மீ. மட்டையில் 27.5 × 25, 2.5 × 25 செ.மீ. துண்டுகள், பக்கத்துக்கு ஒரு சோடி. நடுவில் அரை செ.மீ. இடைவெளி விட்டால்தான் திறக்கும். துணி போர்த்துமுன், மெல்லிய அட்டையில் பனை உருவம் வெட்டி மட்டையில் ஒட்டுங்கள். பழைய பருத்திச் சேலைத் துணியைப் பசையோடு போர்த்தி, ஓலை விளிம்புகளை விரல் நகத்தால் மெதுவாக அழுத்த, பனை புடைத்து எழும்பும். உள்பக்கமும் கடதாசி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மட்டை வெளிப்பக்கம் வளையும். பாரம் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். மாரியில் மூன்று நாள்.

தாள்களுக்கிடையே பட்டக் கடதாசி போடலாம், வெள்ளை மட்டும். நிறக் கடதாசியின் சாயம் ஈரத்தில் படத்தில் இறங்கும்.

கட்டும் ஓரத்திலிருந்து 1.2 செ.மீ. உள்ளே, மேலும் கீழும் தாளிலும் பட்டியிலும் 6 செ.மீ., மட்டையில் 6.5 செ.மீ. விட்டு இரண்டு துளை. கயிற்றைச் சுருக்கு முடிச்சாகக் கட்டுங்கள், பிறகு தாள் சேர்க்க அவிழ்க்க வேண்டிவரும்.