படத்துக்குள் ஒளிந்த செய்தியைத் தேடுவது எப்படி

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை கணினி வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு காவடிப் படத்தைக் கொடுத்து, இதற்குள் ஒரு குறள் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றேன். எல்லாரும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியது படத்தை அல்ல, கோப்பை.

முதலில் அது எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக வந்திருந்தால் மறுபடி சுருக்கப்பட்டிருக்கும், உள்ளே இருந்தது பெரும்பாலும் அழிந்திருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி அசலை வாங்கி, நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

அப்புறம் படத்தோடு சேர்ந்து வரும் விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியில் போட்டு, கமென்ட் மாதிரி இடங்களில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லையென்றால் கோப்பின் வாலைப் பாருங்கள். ஜேபெக் படம் எஃப்எஃப் டி9 (FF D9) என்ற இரண்டு பைட்டோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் எதை ஒட்டினாலும் படம் ஒழுங்காகத் திறக்கும் என்பதால் ஜிப் கோப்பைக்கூட அங்கே ஒட்டிவிடலாம், அதன் தொடக்கத்தில் 'பிகே' என்ற எழுத்துகள் தெரியும், கோப்புக்குள் ஒளிந்த கோப்பைத் தேடும் பின்வாக் என்ற கருவி அதைப் பிடித்துக் கொடுக்கும். ஆனால் சில போன்களின் மோஷன் போட்டோவிலும் பின்னால் சிறு வீடியோ இருக்கும், உடனே சந்தேகப்படாதீர்கள்.

நம் பிள்ளைகள் தடுக்கியது இங்கேதான். கோப்பில் உள்ள எழுத்துகளைத் திரட்டித் தரும் ஸ்டிரிங்ஸ் கருவி வழக்கமாக ஆங்கில எழுத்தைத்தான் காட்டும். எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், ஒவ்வொன்றும் இ0 ஏஇ (E0 AE) அல்லது இ0 ஏஎஃப் (E0 AF) என்றே தொடங்கும். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் அது தமிழ்தான்!

அதிலும் சிக்கவில்லையா? பிஎன்ஜி, பிஎம்பி படங்களில் புள்ளிகளின் நிற அளவைக் குறிக்கும் எண்ணின் கடைசி பிட்டில் (0 அல்லது 1 என்ற கடைசி இலக்கத்தில்) தேட வேண்டும். சிவப்பின் அளவு 200 என்பது 201 ஆனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் 1000க்கு 1000 புள்ளி உள்ள படத்தில் மூன்று நிறத்துக்கும் சேர்த்து இப்படி 3,75,000 பைட் ஒளிக்கலாம். ஸ்டெக்சால்வ் என்ற கருவியில் கடைசி பிட்டை மட்டும் பிரித்துப் பாருங்கள். மேலிருந்து ஒரே சீரான புள்ளிக் கூட்டமாக வந்து திடீரென்று ஒரு வரியில் நின்றுவிட்டால் அங்கே ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கலாம். ஸீஸ்டெக் என்ற கருவி, பிட்டுகளை எடுக்கும் பல வரிசைகளைத் தானே முயன்று பார்க்கும். 1999இல் வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மான் இருவரும் சொன்ன கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனையும் இதற்குத்தான்: ரகசியம் நிரம்பிய படத்தில் 200, 201 போன்ற ஜோடிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாகிவிடும்.

ஜேபெக் என்றால், கடவுச்சொல் போட்டு ஒளிக்கும் ஸ்டெக்ஹைட் என்ற கருவியைப் பயன்படுத்தியிருக்கலாம். கடவுச்சொல் தெரியாவிட்டால் அதை உடைக்கும் ஸ்டெக்சீக் என்ற கருவியில் சொற்பட்டியல் கொடுத்து முயலுங்கள். பலவீனமான சொல் சீக்கிரமே உடையும்.

எதுவும் கிடைக்கவில்லையென்றால் 'ஒன்றும் இல்லை' என்று எழுதாதீர்கள். எந்தெந்தக் கருவியில் பார்த்தீர்கள், எது தெரியவில்லை என்று எழுதி, அசலைப் பத்திரமாக வைத்திருங்கள். மாற்றம் செய்யாத பழைய படம் பிறகு எங்காவது கிடைத்தால் இரண்டையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட அது வேண்டும்.